உப்பில்லாத ஒரு மண்டலம்

தண்ணீர் விடுவதற்கு முன்னால் குழாய் இருமும். அடிவயிற்றிலிருந்து முதலில் காற்று வரும், பிறகு ஒரு கொப்புளிப்பு, பிறகு துருச் சிவப்பில் கொஞ்சம் எச்சில், அதற்கப்புறம்தான் தண்ணீர். செம்பூரில் இப்போது நாங்கள் இருக்கும் அறையில் குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. விடியலில் அது இருமும்போதெல்லாம் என் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். கை செம்பைத் தேடும். என் மனைவி பேச்சியம்மாள் பாதித் தூக்கத்திலேயே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பிடி போதும், நான் மறுபடி படுத்துவிடுவேன்.

என்னைப் போல ஒரு கையில் ஆஸ்பத்திரி மாத்திரையும் மறு கையில் நாட்டு மருந்தும் வைத்துக்கொண்டு, எது தன்னைக் காப்பாற்றும் என்று தெரியாமல் இரண்டையும் விழுங்குகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கட்டும், அல்லது யாராவது படித்துச் சொல்லட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்போது தாராவியில் இருந்தோம். தகரப்பெட்டிப் பட்டறையில் பெட்டிகளுக்குப் பூப்போடுவது என் வேலை. பச்சைப் பெட்டியில் மஞ்சள் ரோஜா, நீலப் பெட்டியில் வெள்ளைக் கிளி. யாரோ ஒருத்தி அந்தக் கிளியைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போவாள். ஒரு மழைக்காலத்தில், அத்தனை சுத்தியல்களுக்கும் நடுவே, என் முதுகுக்குப் பின்னால் ஒருவன் பேசினான்.

"ஏலே, எலைய கோணலாப் போடுத."

திரும்பினேன். ஆள் இல்லை. இலையைப் பார்த்தேன். கோணலாகத்தான் இருந்தது. முதல் தடவையே உண்மையைச் சொல்லிவிட்டான் அல்லவா, அதில்தான் நான் விழுந்தேன். பிறகு நான் சோறு பிசைவதை ஏசினான், நடப்பதை ஏசினான், கண்ணை மூடினால் மூடுவதை ஏசினான். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவன் என் பெயிண்டில் விஷம் கலக்குவதாகச் சொன்னான். அதையும் நம்பினேன். அந்த அப்பாவி மேல் டப்பாவை எறிந்தேன். அவன் சட்டையெல்லாம் மஞ்சள்.

முனிசிபல் ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவில் மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை அவனைக் கொல்லவில்லை, தூரத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது. எதிர்வரிசை வீட்டு ரேடியோ மாதிரி ஆனான். சத்தம் கேட்கும், சொல் புரியாது. அதுவே எனக்குப் பெரிய விடுதலை. ஆனால் மாத்திரை என் வாயைக் காய வைத்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அட்டைத் துண்டை மென்றுகொண்டு பேசுவது போலப் பேசினேன். தண்ணீர் குடித்தேன். இன்னும் குடித்தேன். குடிக்கக் குடிக்க அந்தத் தாகம், அந்த மாத்திரையின் தாகம், எங்கேயோ மனத்துக்குள் இறங்கி அங்கேயே குடியேறிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பேச்சியின் அண்ணன் சுடலைமுத்து ஊரிலிருந்து வந்தார். கருப்பட்டியும் மிளகாய் வத்தலும் கொண்டுவந்து மாட்டுங்கா கடைகளிலும் உல்லாஸ்நகர் வரைக்கும் போட்டுவிட்டுப் போகிற வியாபாரி. இந்தத் தடவை வத்தல் மூட்டைக்குள் ஒரு பொட்டலமும் வந்தது.

"மாப்ள, மூளையில சூடு ஏறியிருக்கு. வேற ஒண்ணுமில்ல. நம்ம வைத்தியரு குளிகை குடுத்திருக்காரு. ஒரு மண்டலம் சாப்பிடணும். உப்பு, புளி நாக்குல படப்படாது. தண்ணி மட்டும் எவ்வளவு குடிக்கீரோ அவ்வளவு நல்லது. சூட்ட அதுதான் அணைக்கும்."

மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். உப்பு, புளி தள்ளுவதுதான் எங்கள் பக்கத்தில் பத்தியம். அதில் ஒரு கல் தவறினாலும் மருந்து முறிந்துவிடும் என்பார்கள்.

வாசலில் தங்கையிடம் அவர் பேசியது எனக்கும் கேட்டது. மெதுவாகப் பேசும் ஆளில்லை அவர்.

"ஒரு மண்டலம் இங்கயே இருந்து பாப்பேன் பேச்சி. தெளியலன்னா நீ எங்கூட ஊருக்கு வந்துரணும். புள்ளையும் இல்ல, குட்டியும் இல்ல. எதப் புடிச்சுக்கிட்டு இங்க கெடப்ப?"

அவள் உள்ளே வந்தாள். உப்பு ஜாடியை எடுத்தாள். பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

அன்றைக்கு அவள் நடந்த வேகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இந்த மண்டலத்தின் முடிவில் நான் தெளிந்தால் அவள் இங்கே இருப்பாள். தெளியாவிட்டால் போக வேண்டும். அவள் கையில் இருந்ததெல்லாம் ஒரு ஜாடி உப்பு மட்டும். அதைத் தள்ளினாள். எனக்கு மட்டுமா? தனக்கும் உப்பில்லாமல் வைத்துக்கொண்டாள். வெறும் கஞ்சி, வெந்த பூசணி, மோர் மாதிரி ஒரு தண்ணீர். எதிரெதிரே உட்கார்ந்து, வாயில் வைப்பது மண்ணா சோறா என்று தெரியாமல் இருவரும் தின்றோம். நடுநடுவே செம்பை நீட்டுவாள். "இன்னும் ஒரு வாய் குடிங்க. சூடு தணியட்டும்." ஆஸ்பத்திரி மாத்திரையையும் அவள் நிறுத்தவில்லை. எந்தக் கதவு திறக்கும் என்று யார் கண்டது, இரண்டையும் தட்டினாள்.

சில வாரத்தில் தலைவலி வந்தது. பிறகு வாந்தி. தரை என் காலுக்குக் கீழே சாய்ந்தது. ரோஜாவுக்கு எத்தனை இதழ் என்று மறந்து ஒரே இதழைச் சுற்றிச் சுற்றிப் போட்டேன். ஒருநாள் பேச்சியைப் பார்த்து, "நீங்க யாரு, எந்த வீடு?" என்று கேட்டிருக்கிறேன். எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருக்கிறது.

சுடலைமுத்து அப்போதும் கலங்கவில்லை. "மருந்து வேல செய்யுது. உள்ள கெடக்கது கலங்கி வெளிய வருது. தண்ணிய நிறுத்தாத."

அவள் நிறுத்தவில்லை.

ஒரு காலை தெருக்குழாய் வரிசையில், குடங்களுக்கு நடுவே நான் விழுந்தேன். எனக்குத் தெரிந்தது பித்தளை பித்தளையோடு மோதுகிற சத்தம் மட்டுந்தான். மீதி எல்லாம் அவள் சொன்னது. கையும் காலும் வெட்டி இழுத்ததாம், வாயில் நுரையாம்.

"சாமி வந்திருக்கு, தள்ளுங்க" என்று ஒருத்தி கும்பிட்டாளாம்.

"சாமியுமில்ல பூதமுமில்ல, பைத்தியம் முத்திட்டு, அவ்வளவுதான்" என்றாளாம் இன்னொருத்தி.

"யாரும் எடத்த விடாதீங்கடி, தண்ணி நின்னுரும்" என்று மூன்றாமவள் கத்தினாளாம். பேச்சி இதைச் சொல்லும்போதெல்லாம் சிரித்துவிடுவாள். அந்த மூன்றாமவளைத் தவறு சொல்ல முடியாது. தண்ணீர் நிற்கத்தான் போகிறது.

பட்டறைக் கைவண்டியில் இருந்த பெட்டிகளை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார்கள். வண்டியைத் தள்ளியவர்களில் ஒருவன் நான் பெயிண்டை எறிந்த அதே ஆள்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்த இளம் டாக்டர் தூங்கி நாளாகியிருக்க வேண்டும். கண்கள் சிவந்திருந்தன என்று பேச்சி சொன்னாள். நான் மனநோய்ப் பிரிவுக்கு வருகிறவன் என்று தெரிந்ததும் அவர் வேறு எதையும் கேட்கவில்லை. நோய் முற்றிவிட்டது என்றார். விழிப்பு வந்தால் முரட்டுத்தனம் செய்யலாம், கையைக் கட்டி வையுங்கள், ஊருக்கு வெளியே இருக்கும் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம் என்றார். கட்டினார்கள். சுடலைமுத்து தங்கையை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"பெட்டியக் கட்டு பேச்சி."

"மண்டலம் முடியலையே அண்ணே."

"இனிமே என்னத்துக்குட்டி மண்டலம்?"

அவள் திரும்பி வந்து என் கட்டிய கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். நான் அப்போது எங்கே இருந்தேன்? ஒரு கிணற்றுக்குள் இருந்தேன் என்று நினைக்கிறேன். மேலே வட்டமாக வெளிச்சம். யாரோ எட்டிப் பார்க்கிறார்கள். என் பெயர் போல ஒன்றைச் சொல்கிறார்கள். எனக்கு அது வேண்டியதாக இல்லை.

பகல் சுற்றுக்கு வந்தவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ் டாக்டரம்மா. தலையில் நரை. கட்டிய கையைப் பார்த்தார், பிறகு பேச்சியைப் பார்த்தார்.

"நீங்க யாரு, சம்சாரமா? ஆத்துல என்ன சாப்பிடறார்?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல அவள் நிமிர்ந்தாள். அத்தனை நாள் பட்ட பாட்டை ஒருவர் இப்போதுதான் கேட்கிறார்.

"நல்லாப் பாத்துக்கிட்டேன் டாக்டரம்மா. பத்தியம் ஒருநாளும் தப்பல. உப்பக் கண்ணுலயே காட்டல."

பேனா நின்றது.

"உப்பே இல்லையா? எத்தனை நாளா?"

"மண்டலம் முடியப் போவுது."

"தண்ணி?"

"அதுல கொறையே வைக்கல. எங்க கொடம் தீந்து பக்கத்து வீட்டுக் கொடமும் தீந்துரும். சூடு தணியட்டும்னு நானே மோந்து மோந்து குடுப்பேன்."

"அதோட நம்ம மாத்திரையும் சாப்பிட்டாரா?"

"ஒரு வேளையும் விடலம்மா."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இதோ பாருங்கோ. நீங்க ஒண்ணும் கெட்டது நெனச்சுப் பண்ணலை. ஆனா இது பைத்தியம் முத்தினதுன்னு எனக்குத் தோணலை. ரத்தம் பாக்கணும். இப்பவே பாக்கணும்." பிறகு இளம் டாக்டரிடம் திரும்பினார். "கட்டை அவுருங்கோ. பைத்தியம்னு ஒரு பேர் வெச்சுட்டா அப்புறம் அந்த மனுஷனுக்கு வேற வியாதியே வரப்படாதா?"

அவர்கள் செய்த பரிசோதனையைப் பிறகு டாக்டரம்மா எனக்கு விளக்கினார். அடுப்பில் உப்பு சிந்தினால் தீ ஒரு கணம் மஞ்சளாக எரியும், எந்தச் சமையலறையிலும் பார்க்கலாம். உப்பில் இருக்கும் சோடியத்தின் நிறம் அது. இரத்தத்தைத் தெளிய வைத்து, அதன் நீரைத் தீயில் தூவி, எவ்வளவு மஞ்சள் என்று அளக்கிற இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. என் இரத்தம் அந்தத் தீயில் காட்ட வேண்டிய அளவு மஞ்சள் காட்டவில்லையாம். வாழ்நாளெல்லாம் பெட்டிகளுக்கு மஞ்சள் பூசியவன் நான்.

இரத்தத்தில் உப்பு குறைந்து தண்ணீர் மிகுந்தால், அந்தத் தண்ணீர் உடம்பின் திசுக்களுக்குள் புகும். கையோ காலோ வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். மூளை, ஊறப்போட்ட கடலை மாதிரிப் பெருத்தால் மண்டையோடு இடம் கொடுக்காது. அதனால்தான் தலைவலி, வாந்தி, தடுமாற்றம், ஆளை மறப்பது, கடைசியில் வலிப்பு. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் மூச்சு நின்றிருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாமே பைத்தியம் முற்றியது போலத்தான் தெரியும். ஏற்கெனவே மனநோய் உள்ளவர் என்றால் சந்தேகமே வராது.

"பேச்சியும்தான் உப்பு திங்கல. அவளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று பின்னால் கேட்டேன்.

"அவா உங்களை மாதிரிக் குடத்தைக் கவுக்கலையே" என்றார். "மாத்திரை வாயைக் காய வெச்சுது, மனசு தண்ணி தண்ணின்னுது, பத்தியம் உப்பை எடுத்துடுத்து. மூணும் ஒரே எடத்துல சேர்ந்தது."

உப்பு நீரை ஊசி வழியாக மெதுவாக ஏற்றினார்கள். அவசரப்பட்டால் நெஞ்சுக்குப் பாரம் என்று சொட்டுச் சொட்டாக விட்டார்கள். அதைவிடப் பெரிய மருந்து, தண்ணீரை நிறுத்தியது. கிணற்றிலிருந்து மேலே ஏறி வந்து கண் திறந்தபோது, எனக்குக் கிடைத்த முதல் செய்தி தண்ணீர் கிடையாது என்பது.

வார்டு ஆள் ஒரு வயதான மராத்தியர். என் கட்டிலுக்கும் குழாய்க்கும் நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "பானி பந்த், அண்ணா" என்பார், தண்ணீர் கிடையாது என்று. கோபமே இல்லாமல், ரயில் நேரம் சொல்வது போலச் சொல்வார். அளந்து கொடுத்த டம்ளர் வாயில் படுமுன் தீர்ந்துவிடும். பக்கத்துக் கட்டில்காரர் தண்ணீர் விழுங்கும்போது அவர் தொண்டை மேலும் கீழும் போவதையே பார்ப்பேன். முகம் துடைக்கக் கொடுத்த ஈரத்துண்டைச் சப்பினேன். பேச்சி அதைப் பிடுங்கினாள். நான் அவளை என்ன சொல்லி ஏசினேன் என்பதை எழுத மாட்டேன். குரல்காரனும் திரும்பி வந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடுகிறது என்றான். எனக்கு ஆற்றின் சத்தம் கேட்டது.

தாகம் கொஞ்சம் அடங்கிய ஒரு மாலை அவள் உதடுகளைப் பார்த்தேன். வெடித்துக் காய்ந்திருந்தன.

"ஒனக்கு என்ன ஆச்சு? தண்ணி குடிக்கதில்லையா?"

"குடிக்கேன், குடிக்கேன். வெளிய போகும்போது."

என் கண் முன்னால் குடிக்கக் கூடாது என்று, பகல் முழுக்க என்னோடு அவளும் காய்ந்திருக்கிறாள். வெளியே போகவும் பயம், நான் எழுந்து குழாய்க்குப் போய்விடுவேன் என்று. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இரத்தம் மெல்லத் தேறியது. தரை நேரானது. கிழமை தெரிந்தது. இளம் டாக்டர் ஒருநாள் கட்டில் அருகே வந்து, அரைகுறை இந்தியில், "அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

எல்லோரையும்விட ஆட்டம் போட்டவர் சுடலைமுத்து. தாராவி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு வார்டிலும் தொடங்கினார்.

"எங்க மாப்ளைக்குப் பைத்தியமே இல்லங்கேன்! உப்புச் சத்து கொறஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஒரு கருவாட்டுக் கொழம்புல தீந்து போற சீக்கு." என் தோளில் தட்டினார். "இனிமே அந்த மாத்திரை எளவு எதுக்கு? தூக்கிச் சாக்கடையில போடும். நான் நிம்மதியா ரயில் ஏறுவேன். இவ இங்கேயே கெடக்கட்டும்."

பேச்சியின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை நான் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

டாக்டரம்மா அன்று மாலை என்னிடம் பேசினார். "உப்பு ஒரு வியாதி. அது போயாச்சு. பழசு வேற. ரெண்டையும் கலந்துடாதீங்கோ. மாத்திரையை நிறுத்தப்படாது, அளவைக் கொஞ்சம் மாத்தித் தரேன். வாய் காஞ்சா கொப்புளிச்சுத் துப்புங்கோ, ஒரு கிராம்பை வாயில அடக்கிக்கோங்கோ. குடத்துக்கிட்டப் போகாதீங்கோ." பிறகு என் கண்ணைப் பார்த்தார். "குரல் இருக்கா?"

கதவருகே பேச்சி நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். டாக்டரம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அந்த இரவு அவன் தெளிவாகப் பேசினான். "இல்லேன்னு சொல்லிரு. ஒருத்தருக்கும் தெரியாது. நீயும் நானும் மட்டும் இருப்போம்." முதல் தடவையாக அவன் என்னை ஏசவில்லை. கெஞ்சினான். அவன் இனிமையாகப் பேசியதுதான் எனக்கு நடுக்கம் தந்தது. இல்லை என்று சொன்னால் மாத்திரை சாக்கடைக்குப் போகும், அவள் என்னோடு இருப்பாள். இருக்கிறான் என்று சொன்னால் மாத்திரை இருக்கும், அவள் போய்விடுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று கையைவிட்டுப் போனது.

வீட்டுக்கு அனுப்பிய நாளில், ஆஸ்பத்திரி நடைபாதையில், சுடலைமுத்து மாத்திரைப் பொட்டலத்தைக் கேட்டுக் கையை நீட்டினார்.

"தர மாட்டேன் மச்சான்" என்றேன். "அவன் இன்னும் இருக்கான்."

"எவன்?"

"பேசுதவன். இப்பவும் பேசிக்கிட்டுதான் இருக்கான். நீரு சொல்லுததுக்கும் அவன் சொல்லுததுக்கும் நடுவுல நான் நின்னுக்கிட்டிருக்கேன்."

அவர் முகம் சுருங்கியது. என் கையை இழுத்துச் சுவர் ஓரம் கொண்டுபோனார். தணிந்த குரலில் அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஒரு பொய் சொல்லப்படாதா வேய்? நான் போயிருப்பம்லா? ஊர்ல எங்க அம்மா கேட்டா தெளிஞ்சுட்டாருன்னு சொல்லியிருப்பம்லா? இப்போ நான் என்ன செய்ய?"

பேச்சி எங்கள் இருவரையும் விலக்கிக்கொண்டு நடுவில் வந்தாள். அழவில்லை. கோபமாக இருந்தாள், என் மேலா, அவர் மேலா என்று தெரியவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க அண்ணே."

"ஏட்டி, அவரு வாயாலயே சொல்லுதாரு..."

"சொல்லுதாருல்லா? அதத்தான் நானும் சொல்லுதேன். சொல்லாம இருந்திருந்தாருன்னா நான் எதுக்குப் பத்தியம் வைப்பேன், எதுக்கு வைக்கமாட்டேன்? ஒரு தடவ தெரியாமச் செஞ்சு ஆளக் கொல்லப் பாத்தேன். இனிமே இருக்கது இன்னதுன்னு தெரிஞ்சு பாத்துக்கிடுவேன். நீங்க அம்மாட்ட என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

அவர் அதற்கு மேல் வாதாடவில்லை. குளிகைப் பொட்டலத்தில் மீதியை என்ன செய்தார் என்று தெரியாது. ஆனால் இரண்டு நாள் எங்கள் வீட்டில் அவர் சோற்றைத் தலை நிமிராமல் சாப்பிட்டார். பேச்சி குழம்பு ஊற்றும்போது மட்டும், "போதும்ட்டி, போதும்ட்டி" என்று கரண்டியைத் தடுத்தார்.

வி.டி. ஸ்டேஷனுக்கு நாங்கள் இருவரும் வழியனுப்பப் போனோம். கூட்டம், விசில், கூலிகளின் கத்தல். இத்தனை இரைச்சலில் என் ஆள் பேசினானா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. சுடலைமுத்து ஜன்னலோரம் இடம் பிடித்து, காலி மூட்டைகளை மடித்து இருக்கைக்குக் கீழே தள்ளினார். தங்கையின் தலையில் கை வைத்தார். பிறகு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது. அப்போதுதான் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி என் சட்டையைப் பிடித்தார். ரயிலோடு இரண்டு எட்டு நடந்தேன்.

"மாசம் ஒரு கார்டு போடும் மாப்ள."

"போடுதேன் மச்சான்."

"நலம், நலமறிய ஆவல்னு எழுதாதேயும். என்ன இருக்கோ, அத எழுதும்."